அபிஷாவுக்குப் போட்ட ஊசி

போன மாதம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள். தோட்டத்து மருத்துவமாதாகப் புதிதாக வேலைக்கு வந்தவள். "அக்கா, கிளினிக்குக்கு ஒரு பிள்ளை வந்திருக்கு. ரொம்ப மெலிஞ்சு கிடக்கு. கொஞ்சம் தேத்தி எடுத்துட்டு ஊசி போடுவமா?" என்று கேட்டாள். "தேத்துறது ஒரு பக்கம் நடக்கட்டும். ஊசிய இன்னைக்கே போடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தப் பதிலில் பிழை இல்லை. பயிற்சியிலும் உங்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மெலிந்த பிள்ளைக்கு நோய் வந்தால் தாங்காது. அதனால் அதற்குத்தான் முதல் ஊசி. ஆனால் பயிற்சியில் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. ஊசி போட்ட பிள்ளை ஏன் செத்தது என்று ஒரு தகப்பன் உங்கள் முகத்துக்கு நேரே கேட்பான். சுற்றிலும் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருக்கிற சனம் முழுக்க நிற்கும். அவர்கள் இடுப்பில் ஊசி போட வேண்டிய பிள்ளைகள் இருக்கும். நீங்கள் வாயைத் திறந்து என்ன சொல்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள், அல்லது வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள்.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, சாமான் விலையெல்லாம் தலைக்கு மேல் ஏறிக் கிடந்த காலத்தில்.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், செத்த பிள்ளையின் தாய் இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். நான் டிக்கோயாப் பக்கம் நிறையக் காலம் வேலை செய்துவிட்டு அங்கே மாறிப் போயிருந்தேன். மேல் பிரிவில் பழைய லயங்கள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆட்கள் போனதும் கைப்பிள்ளைகளெல்லாம் ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிடும். அங்கே போய் நிறை பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டால் அழ வேண்டும். நன்றாக இருக்கிற பிள்ளை காலை உதறி, கத்தி, என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும். அந்த வருடம் பல பிள்ளைகள் அழவில்லை. தொங்கவிட்டால் தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தராசின் முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே பிள்ளையின் முகத்தில் விஷயம் இருக்கும்.

அபிஷா அப்படிப்பட்ட பிள்ளை. பிறக்கும்போதே நிறை குறைவு. வயிற்றில் இருக்கும்போது தாய் செல்வராணிக்கு இரத்தம் போதாது. நான் கொடுத்த குளிசைகளை ஒன்று விடாமல் விழுங்கினாள், ஆனால் விழுங்குவதற்கு முன்னால் சாப்பிட ஏதாவது இருக்க வேண்டுமே. பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் கொழுந்து எடுக்க மலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். கணவன் மகேந்திரனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வீட்டில் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பால் இல்லாத சாயத்தண்ணியும். இரவில் சோறும் ஏதாவது ஒரு கறியும். முன்பு அந்தக் கறி பருப்பாக இருந்தது. விலை ஏறிய பிறகு அதுவும் தண்ணீராகிவிட்டது. பிள்ளைக்கென்று கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவை அவள் பிள்ளைக்கே கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வீட்டில் பங்கு கேட்க வேறு பிள்ளை இல்லை. அது வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு.

ஒன்றை மட்டும் நன்றாகச் சொல்ல வேண்டும். அபிஷாவுக்கு ஒரு ஊசியும் பிந்தவில்லை. மழையில் பிள்ளையைச் சாக்குப் படங்கால் மூடிக்கொண்டு, அரைநாள் பேரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு, செல்வராணி கிளினிக்குக்கு வருவாள். ஒன்பது மாதத்தில் சின்னமுத்து என்கிற தட்டம்மைக்கான முதல் ஊசியை நான்தான் போட்டேன். இரண்டாவது மூன்று வயதில். அந்த வயதைப் பிள்ளை எட்டவில்லை.

சின்னமுத்து முதலில் டவுன் பக்கம் வந்ததாகக் கேள்விப்பட்டோம். பிறகு ஹட்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு. அடுத்ததாக மேல் பிரிவில் அபிஷாவுக்குக் காய்ச்சல் என்று பிள்ளைக் காம்பரா ஆயா போன் எடுத்தாள். நான் போனபோது செல்வராணியின் வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அந்தக் குளிரில் வேம்பு வளராது. யாரோ டவுனில் தேடி வாங்கி வந்திருந்தார்கள்.

செல்வராணி வாசலை மறித்து நின்றாள். "உள்ள வராதீங்க மிஸ்ஸி. அம்மா வந்துருக்கா."

"தெரியும். கால் கழுவிட்டு வர்றேன்."

பீலித் தண்ணீரில் கால் கழுவிவிட்டுத் திரும்பினேன். அவள் இன்னும் நகரவில்லை. "ஒம்பது மாசத்துல நீங்கதானே ஊசி போட்டீங்க? ஊசி போட்ட புள்ளைக்கு அம்மை வராதுன்னு சொன்னீங்க. எப்புடி மிஸ்ஸி வந்துச்சு?"

அந்த இடத்தில் நின்று விளக்கம் சொல்ல என்னால் முடியும். தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் அவள் தோளுக்கு மேலாக உள்ளே பாயில் கிடந்த பிள்ளையின் நெஞ்சு எனக்குத் தெரிந்தது. "அதப் பொறகு பேசுவோம் செல்வராணி. மொதல்ல மூச்சப் பாரு" என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டே உள்ளே போய் போர்வையை விலக்கிக் காட்டினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டியிருந்தன.

"முத்து எறங்கிருச்சுங்க மிஸ்ஸி. காய்ச்சலும் கொறஞ்சுருச்சு. அதான் நல்லாயிரும்னு…"

"எறங்குனது மேல. இப்ப நெஞ்சுல இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"தண்ணி ஊத்தாம எப்புடி வெளிய கொண்டுபோறது? அம்மா கோவிச்சுக்குவா."

நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். "பிள்ளைய நான் கொண்டு போறேன் தாயே. கோவம்னா என் மேல வச்சுக்க" என்று செல்வராணிக்குக் கேட்கும்படி சொன்னேன். அது நடிப்பில்லை. அந்த நேரத்தில் யார் உதவினாலும் எனக்குச் சரி. செல்வராணி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

மேல் லயத்துப் பையன் ஆட்டோவை எடுத்தான். அந்தப் பாதையை நீங்கள் பார்க்க வேண்டும்; ஆட்டோ உருள்வதைவிடக் குதிப்பதுதான் அதிகம். ஒவ்வொரு குதிப்புக்கும் அவள் பிள்ளையின் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். நான் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். ஒட்சிசன் வைத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள், விற்றமின் ஏ கொடுத்தார்கள். செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மறுநாள் பின்னேரம் வேறொரு தோட்டத்தில் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தபோது செல்வராணியே போன் எடுத்தாள். "மிஸ்ஸி, புள்ள போயிருச்சு" என்றாள். அழவில்லை. "ஆட்டோப் பையனுக்குச் சொல்லுவீங்களா? பஸ்ஸுல கொண்டுபோக விட மாட்டாங்க" என்றாள்.

மகேந்திரன் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தான். பெட்டி மிகவும் சின்னது. அவன் ஒருவனே கையில் ஏந்திக்கொண்டு போனான்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

சின்னமுத்து பரவியதால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். பிள்ளைக் காம்பராவில் நாளும் குறித்தோம். தோட்டத்துச் சங்கத் தலைவர் லயம் லயமாகப் போய்ச் சொன்னார். காலையில் மருந்துப் பெட்டியோடு போய் உட்கார்ந்தேன். மழைகூட இல்லை. ஆயாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தாயும் வரவில்லை. பத்து மணி போல ஒருத்தி பிள்ளையோடு வாசல் வரை வந்தாள். பின்னால் ஓடி வந்த அவள் புருஷன் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். "ஒழுங்கா ஊசி போட்ட புள்ளதானே செத்துச்சு. போடாத புள்ளைங்க எல்லாம் விளையாடிக்கிட்டு இருக்குதுங்க" என்று அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

அவன் கண்ணால் பார்த்தது அதுதான்.

மத்தியானம் எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி ஜீப்பில் வந்தார். சிங்களப் பெண்மணி. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வேலையில் கெட்டிக்காரி, பொறுமை குறைவு. தமிழ் விளங்கும், கோபம் வந்தால் சிங்களம்தான் பேசுவார். காலியான பிள்ளைக் காம்பராவைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூட்டிப் போனார்.

"உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குக் கடுமையான மந்தபோசணை இருந்தது, உடம்பில் சத்தே இல்லை. அப்படிப்பட்ட உடம்பில் ஊசியின் பிடிப்பு பலவீனமாக இருக்கலாம், நோய் வந்தாலும் தாங்காது. இதை விளங்கப்படுத்தினால் ஊசி மேல் இருக்கிற சந்தேகம் போய்விடும்" என்றார்.

"தோட்டத்தைப் பற்றின உண்மையாகத்தான் நீங்க சொல்றீங்க டொக்டர். ஆனா அது ஒரு தாயோட குத்தமா மட்டும்தான் அவங்க காதுல விழும்" என்றேன்.

"கீழ் லயத்திலிருந்து இன்று காலை இன்னொரு பிள்ளையை வார்ட்டில் சேர்த்திருக்கிறார்கள். அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. கீழே ஃபாக்டரியில் கொழுந்து இறக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலையில் சனத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்குப் பின்னேரம் எனக்கு வேண்டும்" என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தங்கச்சிமாரே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவைப் பற்றி ஊருக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தால், அதை முதலில் கேட்கிற உரிமை அந்த வீட்டுக்கு இருக்கிறது. அடுத்தவர் வாயிலிருந்து அது அவர்களுக்கு வரக்கூடாது.

செல்வராணி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. மகேந்திரன் தலைவர் வீட்டுக்குப் போயிருந்தான். நான் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஊசி நல்ல ஊசிதான். அது உடம்புக்குள் போய், நோயை எதிர்க்க உடம்பையே தயார்படுத்துகிறது. அந்த வேலையை உடம்புதான் செய்ய வேண்டும். அதற்குச் சத்து வேண்டும். ரொம்ப மெலிந்த பிள்ளையில் சில நேரம் அது சரியாக நடப்பதில்லை. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைகளிலும் சிலருக்கு முதல் ஊசி பிடிக்காமல் போகும். அதற்காகத்தான் இரண்டாவது ஊசி. அபிஷாவுக்கு எது நடந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நோய் வந்த பிறகு அதைத் தாங்க அவள் உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை என்பது நிச்சயம்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப நான் சோறு போடலன்னு சொல்றீங்களா?" என்றாள்.

"இல்ல."

"ரொட்டியில என் பங்கையும் பிச்சுக் குடுப்பேன். ரெண்டு வாய்க்கு மேல எறங்காது அவளுக்கு. மலைக்குப் போனா ஆயாகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் போவேன், சாப்புட்டாளா, சாப்புட்டாளான்னு. முட்ட வாங்கலாம்னு போனா கடக்காரன் சொல்ற வெலையக் கேட்டுட்டுத் திரும்பி வந்துருவேன். நீங்க கூப்ட்ட நாளெல்லாம் வந்தேன்ல மிஸ்ஸி? ஒரு நாளு தவறினேனா?"

"ஒரு நாளும் தவறல. இந்தத் தோட்டத்துல உன்ன மாதிரி வந்த தாய் வேற இல்ல."

அதைச் சொன்னதும்தான் அவள் அழுதாள். அது வரை தேக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆறுதல் எதுவும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

நாளைக்கு எல்லோர் முன்னாலும் இதைப் பேச வேண்டியிருக்கும் என்று கடைசியில் சொன்னேன். அவள் வேண்டாமென்றால் பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும் என்றும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சொல்லுங்க. மத்த புள்ளைங்க இருக்குல்ல. ஆனா நான் இருக்கறப்ப சொல்லாதீங்க மிஸ்ஸி."

மறுநாள் காலையில் சனம் கூடுவதற்கு முன்பே அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். பிள்ளையைப் புதைத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கங்காணியே திகைத்துப் போய், "வீட்டுல இரும்மா" என்றாராம். அவள் கொழுந்து எடுக்கிற நிரையில் போய் நின்றுவிட்டாள்.

பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் சனம் நிறைந்திருந்தது. தலைவர் ஒரு பக்கம், டொக்டர் ஒரு பக்கம். மகேந்திரன் நேரே எனக்கு முன்னால் வந்து நின்றான். தாடி மழிக்கவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டான்.

"எம்புள்ள ஏன் மிஸ்ஸி செத்துச்சு?"

செல்வராணியிடம் சொன்ன அதே விஷயத்தை அதே வார்த்தைகளில் சொன்னேன். எது தெரியும், எது தெரியாது என்பதையும் சொன்னேன். தாய் ஒரு குறையும் வைக்கவில்லை, இந்த வருடம் நான் நிறுத்துப் பார்த்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் மெலிந்துதான் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

பின்னாலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். சுமதி. இடுப்பில் ஒரு வயதுப் பையன், தொப்பி போட்ட தலை பெரிதாகவும் கழுத்து நூலாகவும் இருந்தது. "எங்க புள்ளைங்க எல்லாமே ஒல்லிதானே மிஸ்ஸி? ஒல்லிப் புள்ளைக்கு ஊசி புடிக்காதுன்னா எதுக்குக் குத்துறீங்க? வலிக்கிறதுக்கா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. டொக்டரின் முகம் மாறியது. உண்மையைச் சொன்னால் சந்தேகம் தீரும் என்று நினைத்தோம். உண்மையே புதுச் சந்தேகமாகிக் கையில் நின்றது. டொக்டர் தமிழில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, சொல் கிடைக்காமல் சிங்களத்துக்குப் போனார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். அதிகாரியின் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

இந்த மாதிரி நேரத்தில் அவசரமாக ஒரு சமாதானம் சொல்லத் தோன்றும். 'எல்லாருக்கும் கட்டாயம் பிடிக்கும், பயப்படாதீங்க' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்துவிடும். அடுத்த தடவை ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் அந்தத் தோட்டத்தில் யாரும் எங்கள் பேச்சை நம்ப மாட்டார்கள்.

"சுமதி, ஒல்லிப் புள்ளைக்குப் புடிக்காதுன்னு நான் சொல்லல" என்றேன். "முக்கால்வாசிப் புள்ளைக்கு மேலேயே புடிக்கும், ஒல்லிப் புள்ளைக்கும்தான். சில புள்ளைக்கு மட்டும் புடிக்காமப் போகும். எந்தப் புள்ளைக்குன்னு எனக்குத் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. அபிஷா லயத்த விட்டு எங்கயும் போகல. அவளுக்கு இந்த நோய் எங்கருந்து வந்துச்சு? இன்னொரு புள்ளகிட்டருந்துதான் வந்துச்சு. சுத்தி இருக்கிற எல்லாப் புள்ளைக்கும் ஊசி இருந்துருந்தா அது அவகிட்ட வந்து சேர்ந்துருக்காது. ஊசி புடிக்காத புள்ளைய மத்த புள்ளைங்கதான் காப்பாத்தணும். இப்ப போடுறது இன்னொரு தடவ. மொதல்ல புடிக்காத புள்ளைக்கு இதுல புடிக்கலாம்."

மகேந்திரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊசிய நீங்க போட்டுட்டுப் போயிருவீங்க" என்றான். "சாப்பாட்ட யாரு போடுவா?"

நான் டொக்டரைப் பார்த்தேன். டொக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல மகேந்திரன்" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொய்யாக இருந்திருக்கும். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அன்றைக்கே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

அவன் போன பிறகு சுமதி பையனின் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு முன்னால் வந்தாள். "போடுங்க" என்றாள். முகத்தில் நம்பிக்கை எதுவும் இல்லை. வேறு வழி தெரியாததால்தான் வந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர். பாதிப் பேர் அளவில் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் வீடு வீடாக ஏறி இறங்கி இன்னும் கொஞ்சம் பேரைச் சம்மதிக்க வைத்தோம். சில கதவுகள் கடைசி வரை திறக்கவில்லை.

இப்படி ஒரு கதையைக் கேட்கும்போது, ஊசி போட்டவர்கள் எல்லாரும் தப்பினார்கள், போடாதவர்களுக்குத்தான் நோய் வந்தது என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. ஊசி போட்ட பிறகும் இரண்டொரு பிள்ளைகளுக்கு வந்தது. உடம்பில் ஊசி வேலை செய்வதற்கு முன்பே நோய் உள்ளே போயிருந்தது. போடாத வீடுகளில் பலருக்கு ஒன்றும் வரவில்லை. அதை அவர்கள் சொல்லியும் காட்டினார்கள். வார்ட்டுக்குப் போன கீழ் லயத்துப் பிள்ளை பிழைத்தது, ஆனால் ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. சுமதியின் பையனுக்கு ஒன்றும் வரவில்லை. வேறு சாவும் இல்லை. அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

டொக்டர் எங்கெங்கோ பேசி, பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளுக்கு மத்தியானம் பருப்பும் முட்டையும் போட்டுச் சோறு கொடுக்க ஏற்பாடு செய்தார். தராசில் தொங்கவிட்டால் மறுபடியும் அழுகைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆறேழு மாதத்தில் அந்த ஏற்பாடு நின்றுவிட்டது. யார் நிறுத்தினார்கள் என்று கேட்டபோது, யாரும் நிறுத்தவில்லை, சாமான் வரவில்லை என்று பதில் கிடைத்தது. டொக்டர் மாற்றலாகிப் போகும் வரை அதற்காக அலைந்துகொண்டே இருந்தார்.

செல்வராணி விஷயம் இன்னும் இருக்கிறது. ஒரு நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஏதோ சண்டை. வாளியை முதலில் வைத்தது யார் என்பதில் ஆரம்பித்திருக்கிறது. அந்தச் சண்டையில் ஒருத்தி எல்லோரும் கேட்க, "புள்ளைக்குச் சோறு போடாமக் கொன்னவதானே நீ, மிஸ்ஸியே சொன்னாங்கல்ல" என்று சொல்லிவிட்டாள். செல்வராணி வாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் அப்படிச் சொல்லவில்லை. தாய் மேல் குறையில்லை என்று கூட்டத்தில் உரக்கச் சொன்னேன். அவ்வளவு சொல்லியும் அவர்கள் எடுத்துக்கொண்டது இதுதான். அன்றைக்கே லயத்துக்குப் போய், அந்தப் பெண் வாசலில் நின்று, நான் சொன்னது என்ன என்பதை மறுபடியும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டாலும், சொன்ன சொல் லயத்தில் கிடக்கும். மறுபடியும் அந்த நிலைமை வந்தால் நான் சனத்தின் முன்னால் அதையேதான் சொல்வேன். சுமதியின் பையனைப் போல ஊசி வேண்டிய பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, செல்வராணி கொடுத்தாள். உங்கள் வேலையில் நீங்கள் எடுக்கிற சரியான முடிவுகள் சிலவற்றுக்கு வேறொருத்தி விலை கொடுப்பாள். அவள் வீட்டுப் படியை மட்டும் மறந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு மேல் பிரிவுக்குப் போன ஒவ்வொரு முறையும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் அவள் வீட்டில் ஒரு வாய் சாயத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன், மற்றவர்கள் பார்க்கும்படியாக.

இரண்டு வருடம் போல கழித்து அவளுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. ஆண். அவனும் நிறை குறைவுதான். மாதாமாதம் கொண்டுவந்தாள், ஒரு நாளும் பிந்தவில்லை. நிறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. மகேந்திரன் இப்போது கொழும்பிலிருந்து வரும்போது முட்டைத் தட்டு ஒன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வருகிறான் என்று சொன்னாள்.

ஒன்பது மாதம் முடிந்து சின்னமுத்து ஊசிக்கு வந்தாள். அன்றைக்குக் கிளினிக்கில் கூட்டம் இல்லை. நான் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அவள் பிள்ளையின் சட்டைக் கையை உயர்த்தவில்லை. இரண்டு கையாலும் அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவனுக்குப் புடிக்குமா மிஸ்ஸி?"

அபிஷா போன பிறகு அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் சொல்லத் தோன்றியது.

"தெரியாது செல்வராணி. புடிக்கணும்னுதான் போடுறேன். மூணு வயசுல இன்னொண்ணு இருக்கு. அது வரைக்கும் காய்ச்சல்னா மொத நாளே எனக்குப் போன் எடு. வேப்பிலையும் கட்டு, போனும் எடு."

என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் திருப்பி மடியில் உட்கார வைத்து, சட்டைக் கையை உயர்த்தி, அவன் அசையாதபடி கையை இறுக்கிப் பிடித்துக் கொடுத்தாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் போட்டேன். பிள்ளை வீறிட்டு அழுதான்.